விளக்கும் கேமராவும் ஒரே கையில்

சூரியனைப் பெட்டிக்குள் அடைத்து மின்சாரம் கறக்கப்போவதாகச் சொன்ன அந்த அணுச்சேர்க்கை உலையில், அதுவரை அமோகமாக விளைந்தது கரி மட்டும்தான். சுவரில் பதித்த கார்பன் ஓடுகள் சூட்டில் தேயும். எரிபொருளான டிரிட்டியத்தையும் விழுங்கிக்கொண்டு மறுபடி சுவரிலேயே கரியாகப் படியும். கதிர்வீச்சு உள்ளது, மூச்சோடு உள்ளே போனால் ஆளைச் சும்மா விடாத கரி. அதைச் சுத்தம் செய்யும் இன்ஜினியருக்கு 'கரித்துணி' என்று பெயர். வைத்தது தங்கையின் புருஷன். அதே உலையில் வெல்டர்.

கரித்துணி ஓர் இயந்திரக் கை செய்திருந்தான். நுனியில், மின்னல்போலப் பளீரென்று வெட்டிக் கரியைப் பெயர்க்கும் விளக்கு. அதை ஒட்டியே, சுத்தமாகிவிட்டதா என்று பார்க்கும் கேமரா. ஒரே கையில் இரண்டு வேலை என்று டைரக்டர் முதுகில் தட்டிக்கொடுத்தார். படத்தில் சுவர் மாப்பிள்ளை முகம்போல மினுங்கியது. நிஜ மாப்பிள்ளை, அந்த வெல்டர், மதியம் உள்ளே இறங்கிக் குழாய் ஒட்டவேண்டும். சுத்தமான உலைதானே, மெல்லிய முகமூடி போதும்.

சாப்பிடும்போதுதான் கரித்துணிக்கு உறைத்தது. பெயர்த்த கரியிலிருந்து உறிஞ்சியெடுத்த டிரிட்டியம், வரவேண்டியதில் பாதிகூட இல்லை. மீதி ஓடுகளுக்கு நடுவே இருக்கும் இடுக்குகளில் இருக்கிறது. விளக்கு எட்டாத இடம் கேமராவுக்கும் எட்டாது. அப்படிச் செய்தவன் அவனேதான்.

டைரக்டரிடம் ஓடினான். "சார், இடுக்கெல்லாம் கரி!"

"படத்துல காணோமேப்பா?"

"படத்துல வராது சார். அதான் பிரச்சினையே."

"வராதது எப்படிப் பிரச்சினையாகும்?"

உலை வாசலுக்கு ஓடினான். மாப்பிள்ளை முகமூடியை மாட்டிக்கொண்டிருந்தார்.

"இறங்காதீங்க மாப்பிள்ளை."

"ஏன் மச்சான், இந்த வேலைய முடிச்சா நான் சூப்பர்வைசர் ஆயிடுவேன்னு வயிறு எரியுதா?"

கரித்துணி வாசலில் இருந்த அவசரச் சிவப்புப் பொத்தானை அழுத்தினான். கதவு பூட்டிக்கொண்டது.

விசாரணை வந்தது. தனிக் கேமராவை விட்டுப் பார்த்தார்கள், இடுக்கெல்லாம் அப்பிய கரி. அதைக் கண்டுபிடித்ததற்காக டைரக்டருக்குப் பாராட்டு. கோளாறான கையைச் செய்ததற்காகக் கரித்துணிக்கு வேலை போனது. குழாய் வேலை முடியாததால் சூப்பர்வைசர் பதவி வேறொருவருக்குப் போனது.

தங்கை வீட்டில் மாப்பிள்ளை இவனைப் பார்த்ததும் எழுந்து உள்ளே போய்விட்டார். தங்கை தண்ணீர்கூட நீட்டவில்லை.

"உள்ள போயிருந்தா கரிய மூச்சுல இழுத்திருப்பாரும்மா."

"இழுக்கலையே! நல்லா கல்லு மாதிரிதானே இருக்காரு? அவருக்கு ஒண்ணும் ஆகலையே. அப்புறம் எதுக்குண்ணே அந்த ஆட்டம் ஆடின?"

ஆகாமல் தடுத்ததைக் காட்ட அவனிடம் எந்தக் கேமராவும் இல்லை. செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினான்.