பாரசூட் வலை

ததேயுஸின் உதடு செபமாலையின் இரண்டாம் பத்தின் நான்காவது மணியில் நின்று, மூச்சு வாங்கி, ஐந்தாவதுக்குப் போனது. செசிலி புருசனின் வாயருகே காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். பாயைச் சுற்றி முழங்காலிட்டிருந்த பெண்கள் தங்கள் செபமாலையில் மூன்றாம் பத்தைத் தொடங்கியிருந்தார்கள்.

"இதுல்லா சாவு," என்றார் உபதேசியார் மரியஜான், வாசலில் நின்றவர்களிடம். மெதுவாகப் பேசுவதாக அவருக்கு நினைப்பு. "கண்ணு சொருவுன பொறவும் மாதாவ விடல்ல, பாத்தியளா? நமக்கெல்லாம் கிட்டுமா?"

மாதாவை அவர் விடவில்லைதான். கொல்லையில் ஊறிக்கொண்டிருந்த வலையையும் விடவில்லை. அது செசிலிக்கு மட்டும்தான் தெரியும்.

உலகச் சண்டை முடிந்து கொச்சியில் ஏலம் போட்ட பாரசூட் கயிறு அது. செசிலியின் காதில் கிடந்ததெல்லாம் கொச்சிக்குப் போய், இரண்டு சாக்குப் பொதியாகத் திரும்பி வந்தது. இரண்டு வருடம் புருசனும் பெண்சாதியும் உட்கார்ந்து கயிற்றைப் பிரித்து நூலாக்கி, அந்த நூலை வலையாக முடிந்தார்கள். பருத்தி வலை வருசத்துக்கு வருசம் மக்கிப்போகும், நைலான் மக்காது. ஆனால் முடிச்சு நிற்கவில்லை. வழுவழுவென்று நழுவி, வலையின் கண் பெரிதாகி, மீன் சிரித்துக்கொண்டே வெளியே போனது. "ஆகாசத்துல இருந்து மனுசன் குதிச்ச நூலுல்லா, கடலுக்குள்ள அதுக்கு என்னடே தெரியும்?" என்று கரையில் எல்லோரும் கேலி செய்தார்கள்.

பருத்தி வலை இறுகப் போடுவதுபோலப் பனச்சிக்காய்க் கறைச் சாறு போட்டுப் பார்த்தார். இலையில் விட்ட தண்ணீராக வழிந்து போயிற்று. பிறகு, கருவாடு வாங்க வருகிற பொன்னுலிங்கத்திடம் கேட்டு, கீரிப்பாறைப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பால் உறைய ஊற்றுகிற ஆசிட்டில் ஒரு குப்பி வரவழைத்தார். சாறில்லாமல் அதில் மட்டும் முக்கியெடுத்த நூல் கஞ்சியாய்க் குழைந்து போனது. அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. ஆனால் விடவும் இல்லை. ஆசிட்டைக் குறைத்துக் குறைத்துச் சாற்றோடு கலந்தபோது ஒரு நாள் சாறு நூலில் பிடித்தது. சாறு பிடித்த நூலில் முடிச்சு நின்றது. ஒரே ஒரு சங்கதி: ஊறுகிற நேரம். குறைந்தால் வழுக்கும், கூடினால் நூல் அற்றுப்போகும். வீட்டில் கடிகாரம் கிடையாது. நிதானமாக ஐம்பத்துமூன்று மணி செபமாலை, அஞ்சு பத்தும், சொல்லி முடிக்கிற நேரம் சரியாக இருந்தது.

இன்று காலையில்தான், உடைந்த வள்ளத்தின் பாதியைத் தொட்டியாக்கி, முழு வலையையும் முதல் தடவையாக இறக்கினார். செபமாலையைத் தொடங்கினார். முதல் பத்து முடிவதற்குள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்து படுத்தவர் எண்ணுவதை நிறுத்தவில்லை. அடுத்த வீட்டுக் கிளாரா எட்டிப் பார்த்து, கூவி, ஆள் கூட்டி, அவர்கள் செபம் தொடங்கியபோது அவர் ஒரு பத்து முடித்திருந்தார்.

அதாவது, இவர்கள் நாலு பத்து முடித்தால் வலைக்கு அஞ்சு.

செசிலிக்கு அது இப்போதுதான் உறைத்தது. அவர் ஒவ்வொரு மணிக்கும் மூன்று மூச்சு வாங்குகிறார். அவர் கணக்கை நம்பினால் வலை தொட்டியிலேயே கஞ்சியாகிவிடும். பெண்கள் நான்காம் பத்தில் ஏறினார்கள். அவர் இன்னும் மூன்றுக்கு வரவில்லை.

அவளுக்கு அழுகை வரவில்லை. காது மட்டும் வேலை செய்தது. வலையை யார் கடலுக்குக் கொண்டுபோனாலும் மீனில் வலைக்கு என்று ஒரு பங்கு உண்டு. ஆள் செத்தாலும் வலைக்குப் பங்கு உண்டு. மீன் பெருத்து விழுகிற ஆனி ஆடி மீன்பாட்டுக்கு இன்னும் ஒரு மாதம்கூட இல்லை.

நான்காம் பத்தின் கடைசி மணி முடிந்தது.

"நேரம் ஆயாச்சு," என்றாள் அவர் காதில். "நான் போயி எடுக்கேன்."

அவர் கண்ணைத் திறந்தார். "இன்னும்... மூணு பத்து கெடக்கு, ஏட்டி."

"இல்ல. நீங்க மெதுவாட்டுச் சொல்லுதிய."

அவர் நம்பவில்லை. அவள் கையை இறுக்கிப் பிடித்தார். சாகிற மனுசனுக்கு இவ்வளவு பிடி எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. செசிலி ஒவ்வொரு விரலாகப் பிரித்தாள். சுண்டுவிரல் கடைசியில் வந்தது. அவள் எழுந்து போனதை எல்லாப் பெண்களும் பார்த்தார்கள். செபம் ஒரு கணம் தடுமாறி, மறுபடி நடந்தது.

வலை நனைந்து கனத்தது. இழுத்து வெளியே போட்டபோது ஆசிட் நெடி கண்ணில் ஏறியது. கை காந்தியது. தயாராக நிரப்பி வைத்திருந்த நல்ல தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றி அலசினாள். இரண்டாம் தண்ணீர் ஊற்றும்போது உள்ளே ஒப்பாரி எழுந்தது. அவள் கை நிற்கவில்லை.

கிளாரா ஓடி வந்தாள்.

"அவிய போயிட்டாவட்டி! நீ இங்க என்ன செய்யுத? ஒனக்குக் கிறுக்கா?"

"இன்னும் ஒரு தண்ணி கெடக்கு," என்றாள் செசிலி.

கிளாரா செசிலியின் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் முந்தானையை இடுப்பில் செருகி, வாளியை எடுத்துக் கிணற்றில் விட்டாள். அவள் ஊற்ற ஊற்றச் செசிலி அலசினாள். உள்ளே மரியஜான், புதிதாக வந்தவர்களுக்கு, ததேயுஸ் செபம் சொல்லியபடியே போனதை விவரித்துக்கொண்டிருந்தார்.

தண்ணீர் தெளிந்து ஓடியது. செசிலி ஒரு முனையைப் பெருவிரலால் மிதித்துக்கொண்டு, ஒரு வலைக்கண்ணை இரண்டு கையாலும் பிடித்து, பலங்கொண்ட மட்டும் இழுத்தாள். நூல் அறவில்லை. முடிச்சு நகரவில்லை. வேறொரு இடத்தில் இழுத்தாள். அங்கும் நகரவில்லை.

வீட்டுப் பக்கம் திரும்பினாள்.

"கேட்டியளா," என்றாள், உள்ளே படுத்திருப்பவருக்குக் கேட்கிற குரலில். "முடிச்சு நிக்குது."

கிளாரா வாளியைக் கீழே வைத்தாள்.