கண்ணைக் கட்டிக் கேட்ட ஸ்பீக்கர்

புத்தக அலமாரியில் வைக்கிற அளவில் இரண்டு ஜோடி ஸ்பீக்கர்கள் கடை மேசையில் இருந்தன. ஒன்று மலிவு. மற்றது நான்கு மடங்கு விலை. கணவனின் பார்வை விலை கூடியதை விட்டு நகரவே இல்லை.

"வித்தியாசம் தெரியுமா உங்களுக்கு?" என்றாள் மருத்துவமனையில் காது பரிசோதிக்கும் மனைவி.

"என் காது பாம்புக் காது!"

"அப்போ கண்ணைக் கட்டிக்கிட்டுக் கண்டுபிடிங்க. சரியாச் சொன்னா அதையே வாங்கலாம். தப்பாச் சொன்னா மலிவுதான்."

"நானும் வர்றேன் மேடம். பன்னிரண்டு வருஷ சர்வீஸ்!" என்று விற்பனையாளரும் மார்தட்டினார்.

இருவரும் கைக்குட்டையால் கண்ணைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஜோடியை மாற்றும் ஸ்விட்ச் அவள் கையில். ஒரே பாட்டை மூன்று முறை ஓடவிட்டாள்.

"முதல் ரெண்டும் தகர டப்பா," என்றான் கணவன். "மூணாவது... ஆஹா, தேன்!"

"கரெக்ட் சார்! அதுதான் காஸ்ட்லி. அந்த பேஸ் அதிர்வே காட்டிக் கொடுக்குதே!" என்றார் விற்பனையாளர்.

"கட்டை அவிழுங்க. ஸ்விட்சை நான் தொடவே இல்லை. மூணு தடவையும் பாடினது மலிவுதான்."

விற்பனையாளர் பாய்ந்து போய் ஸ்விட்சைப் பார்த்தார். உண்மைதான்.

"இது அநியாயம்டி!" என்றான் கணவன்.

"சத்தமே விடாதப்பவும் 'கேட்குது'ன்னு கை தூக்குறவங்களைத் தினமும் பார்க்கிறேன். வீட்டுக்குள்ளயே ஒருத்தர் இருக்கார்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சது."

"இருந்தாலும், அந்த மூணாவது நிஜமாவே தேன்தான்..."

அவள் விற்பனையாளர் பக்கம் திரும்பினாள்.

"சாருக்கு அந்த மூணாவதையே பேக் பண்ணிடுங்க."