பாதியாகிப்போன லாண்டரி

ஓரகத்திகள் இருவரும் சேர்ந்து ஒரு லாண்டரி நடத்தினார்கள். பெரியவளுக்கு மிஷின்கள், சின்னவளுக்கு வாடிக்கையாளர்கள். கணவர்கள் இருவரும் வேறு வேலைக்குப் போனார்கள். லாண்டரி விஷயத்தில் மூக்கை நுழைத்தால் வீட்டில் சோறு கிடைக்காது என்று அண்ணனுக்கும் தெரியும், தம்பிக்கும் தெரியும்.

ஒருநாள் பெரிய ஹோட்டலின் மேனேஜர் போன் செய்தார். சொந்தமாகவே சலவை மிஷின் வாங்கிவிட்டார்களாம்; அடுத்த மாதத்திலிருந்து படுக்கை விரிப்புகள் வராதாம். லாண்டரிக்கு வரும் துணியில் பாதிக்கு மேல் அந்த ஹோட்டலுடையது. சின்னவள் அவரிடம் வாய்க்கு வந்ததைப் பேசிவிட்டுப் போனை வைத்தாள். பிறகு அழுதாள். இரண்டு கொட்டகைகளில் ஒன்றை மூடவேண்டும், ஆட்களைக் குறைக்கவேண்டும். மாதக் கடைசிவரை யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று பெரியவளிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

பெரியவள் அதை மதியம்வரை காப்பாற்றினாள். லாண்டரி ஆட்களை நம்பித்தான் எதிர்க் கடையில் டீ ஓடியது. டீக்கடைக்காரர் புதிதாகப் பெரிய பாய்லர் வாங்கப்போவதாகச் சொன்னதும் அவளுக்கு மனசு கேட்கவில்லை. இப்போது வாங்கவேண்டாம் என்றாள். ஏன் என்றார். சொல்லிவிட்டாள். டீயைக் குடித்துவிட்டு அவள் தெருவைத் தாண்டுவதற்குள் லாண்டரி முழுக்கச் செய்தி பரவியிருந்தது.

மிஷின்கள் நின்றிருந்தன. இஸ்திரிக்காரர்தான் வாயைத் திறந்தார். "வேலை போனாக்கூடப் பரவாயில்ல பெரியக்கா. டீக்கடைக்காரருக்கு அப்புறம்தான் எங்களுக்குத் தெரியுது பாருங்க, அதான் மனசுக்கு ஒரு மாதிரியா இருக்கு."

சின்னவள் ஓரகத்தியை எரித்துவிடுவதுபோலப் பார்த்தாள். ஆனால் இனி மறைக்க என்ன இருக்கிறது? துணி மடிக்கும் நீள மேசையைச் சுற்றி எல்லோரையும் உட்காரவைத்து, உள்ளதை உள்ளபடி சொன்னாள். யாரை நிறுத்துவதென்று தெரியாமல்தான் தள்ளிப்போட்டதாகவும் சொன்னாள்.

இஸ்திரிக்காரர் கூடவே இஸ்திரி போடும் மனைவியைப் பார்த்தார். அவள் தலையாட்டினாள். இருவருக்கும் தனிக்கடை போடவேண்டுமென்று வெகுநாள் ஆசையாம். அக்காக்களிடம் எப்படிச் சொல்வதென்று பயந்துகொண்டிருந்தார்களாம். மூடுகிற கொட்டகையை வாடகைக்குக் கொடுத்தால் லாண்டரிச் சட்டைகளையும் தாங்களே தேய்த்துத் தருவதாகச் சொன்னார்கள். சின்னவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆளுக்கொரு பக்கம் சொல்லப் பயந்துகொண்டு இருந்திருக்கிறார்கள்.

வேன் ஓட்டுநருக்கும் ஒரு யோசனை இருந்தது. அடுக்குமாடி வீடுகளில் கனத்த கம்பளிகளைத் துவைக்க வழியில்லாமல் மூட்டை கட்டி வைத்திருக்கிறார்கள், வீடு வீடாகப் போய் எடுத்து வருகிறேன் என்றார்.

துணி மடித்த பெண்ணுக்கு எதுவும் சரிப்படவில்லை. வேறு ஊரில் இருந்த மகள் வீட்டுக்கே போய்விடுகிறேன் என்றாள். அவள் கிளம்பிய அன்று பெரியவள் கட்டிக்கொண்டு அழுததில் அவள் தோள் நனைந்துபோனது.

மிஷின்களை ஓட்டிய மிஷின்காரருக்கு மட்டும் ஒரு வழியும் தெரியவில்லை. முதல் நாளிலிருந்து கூட இருந்தவர். எல்லோரும் கூடிப் பேசிய மறுநாள் காலை சின்னவள், திட்டித் தீர்த்த அதே மேனேஜருக்குப் போன் போட்டாள். அவர் 'ஹலோ' சொன்ன தொனியிலேயே, மிச்சத் திட்டையும் வாங்கிக்கொள்ளத் தயாராகிவிட்டது தெரிந்தது.

"நேத்து நான் பேசினது தப்புதான் சார். உங்ககிட்ட மிஷின் இருக்கு. அதை ஓட்ட ஆள் இருக்கா?"

ஆள் தேடிக்கொண்டுதான் இருந்தார்களாம்.

மிஷின்காரருக்குச் சந்தோஷம்தான், ஆனாலும் தயங்கினார். "நம்மள விட்டுப் போனவங்ககிட்டயே என்னை அனுப்புறீங்களே சின்னக்கா."

"போயிட்டு வாங்கண்ணே. அங்க மிஷின் படுத்துக்கிச்சுன்னா துணிய எங்க அனுப்பணும்னு உங்களுக்குத் தெரியாதா என்ன?"

இடம் சுருங்கியதில் தனி அறைகள் போய், ஓரகத்திகள் ஒரே மேசையில் எதிரும் புதிருமாக உட்காரவேண்டியதாயிற்று. முன்பு வாரம் ஒருமுறை போட்ட சண்டையைத் தினமும் போட்டார்கள். சீக்கிரமே சமாதானமும் ஆனார்கள்.

முதலில் வந்த கம்பளி மூட்டைக்குள் ஒரு டிவி ரிமோட் கிடந்தது. ஓட்டுநர் உடனே கொண்டுபோய்க் கொடுத்தார். அந்த வீட்டில் அதைத் தொலைத்தது யார் என்ற சண்டையில் மாமியாரும் மருமகளும் பேசாமல் இருந்தார்களாம். இருவரும் சேர்ந்தே கட்டடம் முழுக்க லாண்டரியின் பெருமையைச் சொல்லிவிட்டார்கள். மறுநாள் வேன் பின்கதவு சாத்தமுடியாமல் வந்து நின்றது.

இறக்கிவைத்த மூட்டைகளைப் பார்த்து, பெரியவள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "நீ அந்தப் பக்கம் பிடிம்மா," என்றாள் சின்னவளிடம்.