கடைக்குட்டிக்கு அடுத்தவன்

தொட்டியின் மூலையில், காற்றுக்குழாய்க்குப் பின்னால், வால் முழுதும் கடிபட்ட குஞ்சு ஒன்று தலைகீழாகத் துடித்துக்கொண்டிருந்தது. மூன்று அண்ணன் தம்பிகளில் நடுவுள்ளவன் அதை வலையால் அள்ளி வாளியில் விட்டான். எல்லாம் கட்டைவிரல் அளவுகூட இல்லாத ஃப்ளவர்ஹார்ன் மீன் குஞ்சுகள். ஒரே தாய் போட்ட முட்டைகளில் வந்தவை, அதற்குள் ஒன்றை ஒன்று குதறுகின்றன. பாவப்பட்டதைக் காப்பாற்றிவிட்டோம் என்ற நிம்மதியில் அவன் கீழே பட்டறைக்கு இறங்கினான். டீ குடிக்க மேலே வந்து பார்த்தால், காலையில் ஒரு கீறல்கூட இல்லாமல் திரிந்த வேறொரு குஞ்சுக்கு ஒரு கண்ணைக் காணோம். கூட்டத்தில் பெரியது சாவகாசமாக ஒரு சுற்று வந்து அந்தக் குழியிலேயே மறுபடியும் கொத்தியது. மற்றவையும் வந்து ஆளுக்கொரு வாய் வைத்தன. கடிபடுவதற்கு அங்கே ஒன்று வேண்டும் போலிருக்கிறது. இருந்ததை எடுத்தால் அதற்கு அடுத்தது அந்த இடத்துக்கு வருகிறது. இந்த வீட்டில் கடைக்குட்டிக்கு அடுத்தவன் அவன்தான்.

அப்பா போன பிறகு வெல்டிங் பட்டறை பெரியவன் கைக்கு வந்தது. அப்பாவின் அடிக்கிற கையும் கூடவே வந்துவிட்டது. அடி உதவுவது போல் அண்ணன் தம்பி உதவமாட்டான் என்பார்கள். இங்கே இரண்டு உதவியும் ஒரே ஆளிடம் கிடைத்தன. வாங்கியதெல்லாம் சின்னவன். நடுவில் பிறந்தவனுக்கு மத்தளம் மாதிரி இரண்டு பக்கமும் இடி என்று ஊரில் சொல்வதுண்டு. இவன் மேல் ஒரு பக்கத்திலிருந்தும் விழுந்ததில்லை.

"எந்த நாய்டா இதை வெட்டுனது?"

கீழேயிருந்து பெரியவன் கத்தினான். இறங்கி ஓடினால், ஜன்னல் சட்டம் அளவில் ஒரு விரல் குறைந்து கிடந்தது. வெட்டியது நடுவுள்ளவன். அவன் வாயைத் திறக்கவில்லை. கண் மட்டும், அவனைக் கேட்காமலே, சின்னவன் பக்கம் போனது. பெரியவனுக்கு அது போதும். இரும்புப் பட்டை சின்னவனின் தோளில் விழுந்தது, காதைக் கிழித்தது, குனிந்தபோது முதுகில் இறங்கியது. சுருண்டு விழுந்தவனைச் சட்டையைப் பிடித்துத் தூக்கி நிறுத்தி மறுபடி அடித்தான். மூச்சு வாங்கியதும் பட்டையை விட்டெறிந்துவிட்டு, கம்பி வாங்க வண்டியை எடுத்துக்கொண்டு போனான்.

சின்னவன் காதில் துணியை அழுத்திக்கொண்டு எழுந்தான்.

"நான் போறேண்ணே. கூடப் படிச்சவன் வேற ஊர்ல வேலை பாத்து வச்சிருக்கான். பெரியண்ணன் கேட்டா கிரில் மாட்டப் போயிருக்கான்னு சொல்லு. சாயங்காலம் வரைக்கும் சமாளிச்சா போதும்."

"கொஞ்ச நாள் பொறுத்துப் பாருடா. அவரு மாறுவாரு."

சொன்ன வாயே அவனுக்குக் கசந்தது.

"நீ ஏண்ணே பயப்படுற? உன்மேல அவரு ஒரு நாளாவது கை வச்சிருக்காரா?"

குத்திக்காட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான். சின்னவன் அதை ஆறுதலாகத்தான் சொன்னான். ரத்தம் சொட்டுகிற காதோடு நின்று, இவனுக்குத் தைரியம் சொல்லிக்கொண்டிருந்தான். நடுவுள்ளவனுக்கு உடம்பெல்லாம் கூசியது. இத்தனை வருஷமும் தம்பியின் முதுகுக்குப் பின்னால்தான் ஒளிந்து வளர்ந்தோம் என்று அப்போது பட்டது. மேலே ஓடி, இருப்பதில் நல்ல சட்டையாக ஒன்றை எடுத்து வந்தான்.

"ரத்தச் சட்டையோட பஸ் ஏறாதே. இதைப் போட்டுக்கோ. போன உடனே காதுக்கு மருந்து போடு."

சின்னவன் பின்வாசல் வழியாகப் போனான்.

பெரியவன் திரும்பி வந்தபோது நடுவுள்ளவன் உட்கார்ந்து சுத்தியலால் வெல்டிங் கசடைத் தட்டிக்கொண்டிருந்தான்.

"எங்கடா அவன்?"

"கிரில் மாட்டப் போயிருக்கான்."

"எந்தக் கிரில்? யாரைக் கேட்டுப் போனான்?" பெரியவன் வண்டிச் சாவியை மறுபடியும் கையில் எடுத்தான்.

பஸ் இன்னும் கிளம்பியிருக்காது. நடுவுள்ளவன் எழுந்து நின்றான்.

"அண்ணே, அந்தச் சட்டத்தை வெட்டுனது நான். அவன் இல்லை."

"என்னது?"

"நான்தான் வெட்டுனேன். தெரிஞ்சும் சும்மா நின்னேன்."

பெரியவன் சாவியை மேசையில் வைத்தான். போய் ஷட்டரைப் பாதிக்கும் கீழே இழுத்துவிட்டான். வெளிச்சம் முழங்காலுக்குக் கீழே மட்டும் கிடந்தது. தெருவில் போகிறவர்களுக்கு நான்கு கால்கள் எதிரெதிராக நிற்பது தெரிந்திருக்கும். சுத்தியல் இன்னும் நடுவுள்ளவனின் கையில்தான் இருந்தது. அதை அவன் கீழே வைக்கவில்லை.