வாசலில் வழிந்த குடம்

மாவு மில்லின் வாசலுக்கு மேலே, சிமெண்டில் வடித்த குடம் ஒன்று தானியம் வழிய நிற்கும். மில்லுக்காரியின் மாமனார் காலத்து வேலை. வெள்ளத்தில் பாலம் உடைந்து ஊர் துண்டுபட்ட ஐந்தாம் நாள் மத்தியானம், மாவு கேட்டு வந்த கூட்டம் எறிந்த முதல் கல் அந்தக் குடத்தின்மேல்தான் விழுந்தது.

உள்ளே மில்லுக்காரி ஜன்னலை விட்டு விலகி நின்றாள். புருஷன் லாரியோடு அக்கரையில் மாட்டிக்கொண்டிருந்தான். துணைக்குக் கொழுந்தன் மட்டும். அவன் கதவுக்குக் கட்டையை முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

"நிறைகுடத்த வாசல்ல வச்சுக்கிட்டு உள்ள ஒண்ணுமில்லையாம்! யாருக்குக் காது குத்துறீங்க?" வெளியே தச்சரின் குரல்.

"அது சிமெண்டுய்யா! வேணும்னா பேத்துத் தின்னு!" என்று கொழுந்தன் கத்தினான். அடுத்த கல் ஜன்னலை உடைத்தது.

"வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருங்க தம்பி" என்றாள் அவள்.

மாவு இருந்தது. முப்பது மூட்டை. ஆனால் வெள்ளத்தில் ஊறி, பச்சையாய்ப் பூசணம் பூத்த மாவு. பசித்தவர்கள் அதையும் அள்ளிக்கொண்டு போய்ப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுவார்களே என்று பயந்துதான் இல்லையென்று சாதித்தாள். நல்ல மாவு பரணில் இரண்டு மூட்டை. அது வீட்டுக்கென்று ஒதுக்கியது.

கதவு அதிர்ந்தது. இரைச்சலுக்கு நடுவே தையல்காரர் பேசினார். "ஏம்மா, குடத்துல இருக்கிறது வீட்டுக்கு, வழியிறது தெருவுக்குன்னு சொல்லித்தான் உங்க மாமனார் அத வச்சாரு. என் காதால கேட்டேன்."

அவளுக்குச் சுருக்கென்றது. முட்டுக்கட்டையில் கை வைத்தாள்.

"பைத்தியமா அண்ணி? மிதிச்சே கொன்னுடுவாங்க!"

தடுத்த கொழுந்தனின் கையை உதறிவிட்டுக் கதவைத் திறந்தாள். கூட்டம் பாய்ந்தது. அவள் நகரவில்லை. முன்னால் வந்த தச்சரின் கையைப் பிடித்து இழுத்துப்போய், ஒரு மூட்டையின் வாயைக் கிழித்தாள்.

"மோந்து பாருங்க அண்ணே."

தச்சர் குனிந்தார். குமட்டிக்கொண்டு வாயைப் பொத்தினார். "பூரா கெட்டுப்போச்சுப்பா" என்றார் கூட்டத்திடம்.

இடுப்பில் குழந்தையோடு ஒருத்தி முன்னால் வந்தாள். "பரவால்லக்கா, கொஞ்சம் கொடு."

மில்லுக்காரி அவள் நீட்டிய கையைப் பற்றிக்கொண்டாள். "வேண்டாம்டி, விஷம். மேல ரெண்டு மூட்டை நல்லது இருக்கு. எங்களுக்குன்னு வச்சுக்கிட்டு இல்லேன்னு பொய் சொன்னேன்."

எல்லாரும் அவளையே பார்த்தார்கள். கல் விழுந்தபோதுகூட அவள் அவ்வளவு பயப்படவில்லை. கடைசியில் தச்சர் தலையை நிமிர்த்திப் பரணைப் பார்த்தார். "ஏணி எங்கம்மா இருக்கு?"

கெட்ட மூட்டைகளைக் குழி வெட்டிப் புதைத்தார்கள். முற்றத்து அடுப்பில் கூழ் அண்டா ஏறியது. ஆளுக்கு ஒரு கரண்டி, பிள்ளைகளுக்கு இரண்டு. அந்த இரண்டு மூட்டையை வைத்து, மூன்றாம் நாள் படகு வரும்வரை தெரு தாக்குப்பிடித்தது.

முதல் நாள் கரண்டியைக் கொழுந்தன் கையில்தான் கொடுத்தாள். முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டே ஊற்றினான். எல்லாரும் வாங்கிப் போனபின் கடைசியாக அவள் வந்து நின்றாள்.

அண்டாவுக்குள் எட்டிப் பார்த்தான். "அடியில பிடிச்சதுதான் இருக்கு அண்ணி. சுரண்டவா?"

அவள் தட்டை நீட்டினாள்.