அரைக்கிலோ ஈரல்

கசாப்புக் கடைக்காரரின் இடது கால் கட்டைவிரலுக்கும் ஈரலுக்கும் ஆகவே ஆகாது. ஈரல் உள்ளே போனால் யூரிக் ஆசிட் ஏறி, விரல் மூட்டு தீயாய் எரியும். அந்த வேதனை எதிரிக்கும் வேண்டாம். இரண்டு வருடமாக ஈரலையும் பீரையும் வீட்டுப் படி ஏறவிடாமல், தினமும் மாத்திரையைக் கையில் கொடுத்து அவரை நடமாட வைத்தவள் மனைவிதான்.

அவளே சனிக்கிழமை, "அரைக்கிலோ ஈரல் எடுத்துட்டு வாங்க. ஆசைக்கு நாலு பீரும் வாங்கிக்கோங்க," என்றாள்.

மனிதருக்கு வாயெல்லாம் பல். திங்கட்கிழமை மகள் பதிவு அலுவலகத்தில் தன் இஷ்டப்படி கல்யாணம் செய்துகொள்ளப் போகிறாள். அங்கேயே போய் முடியைப் பிடித்து இழுத்து வருவேன் என்று அவர் சபதம் போட்டிருந்தார். பெண்டாட்டி ஒருவழியாகத் தன் பக்கம் வந்துவிட்டாள் என்று நினைத்து, இரண்டு நாளும் தட்டை வழித்துச் சாப்பிட்டார்.

திங்கள் காலையில் கட்டைவிரல் கத்தரிக்காயாய் வீங்கிக் கிடந்தது. போர்வை பட்டாலே உயிர் போனது.

"வலி மாத்திரை எங்கடி?"

"அலமாரி மேல் தட்டுல," என்றாள், செருப்பை மாட்டிக்கொண்டே.

"எடுத்துக் குடுத்துட்டுப் போயேன்."

"பதிவு ஆபீஸ் வரைக்கும் நடக்கிறவருக்கு அலமாரி ஒரு தூரமா?"

அவர் காலை ஊன்றிப் பார்த்து, அலறிக் கட்டிலில் விழுந்தார். அவள் போர்வையை எடுத்து அந்தக் காலின் மேல் இறுக்கமாகச் செருகிவிட்டு, சாட்சிக் கையெழுத்துப் போடக் கிளம்பினாள்.