மூன்று விளக்குகளும் ஒரு பனியன் துணியும்

மயில்சாமியின் வேனுக்கு வயது பதினேழு. தினமும் காலையில் சாமளாபுரத்திலிருந்து இருபது தையல்காரப் பெண்களை ஏற்றிக்கொண்டு திருப்பூர் நெருப்பெரிச்சலில் இருக்கும் பனியன் கம்பெனிக்கு ஓடும். ஒரு வாரமாக அதன் டேஷ்போர்டில் பேட்டரி, பிரேக், எஞ்சின் என்று மூன்று எச்சரிக்கை விளக்குகள் விடாமல் எரிந்தன. ஓட்டுகிறவனுக்கு அது எப்பேர்ப்பட்ட வயிற்றெரிச்சல் என்று புதுக் காரில் போகிறவர்களுக்குத் தெரியாது.

ஒரு மெக்கானிக் பேட்டரியை மாற்றினார். இன்னொருவர் டைனமோவைக் கழற்றித் துடைத்து மாட்டினார். மூன்றாமவர் பெரிய மூளைக்காரர், வண்டியை எடைக்குப் போடச் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார். விளக்குகள் எரிந்தபடியே இருந்தன.

இன்று மூன்று மணிக்கு பனியன் வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனியின் ஆடிட்டர் வருகிறார். ஆள் ஏற்றும் வண்டிகளையும் பார்ப்பாராம். விளக்கு எரிந்தால் நாளையிலிருந்து வேன் கேட்டுக்குள் வரக்கூடாது என்று மேனேஜர் தரணீதரன் சொல்லிவிட்டார். மயில்சாமிக்கு வேறு வண்டி இல்லை, வேறு பிழைப்பும் தெரியாது. மதியச் சோற்றைத் திறந்து வைத்துக்கொண்டு வேனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

நிட்டிங் மெஷின்களுக்குக் கரண்ட் வேலை பார்க்கும் சித்ராதேவி அந்தப் பக்கமாக வந்தாள். உசிலம்பட்டிப் பக்கத்துப் பெண், முப்பது வயதிருக்கும்.

"என்னண்ணே, சாப்பாட்ட வச்சுக்கிட்டு இப்படி உக்காந்திருக்கீங்க?"

"மூணு லைட்டு எரியுது அம்மணி. மூணு கோளாறு. மூணு மணிக்குள்ள எதைப் பாக்கறது?"

"மூணும் தனித்தனியா வந்துச்சா?"

"இல்ல, ஒரே நாள்தான். ராத்திரி நல்ல மழை. விடிஞ்சு பாத்தா மூணும் எரியுது."

"அப்ப கோளாறு ஒண்ணுதாண்ணே" என்றாள்.

மீட்டரை எடுத்து வந்தாள். எஞ்சினை ஓடவிட்டு ஹெட்லைட்டைப் போடச் சொன்னாள். மீட்டர் ஒயரின் ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸிலும் இன்னொன்றை வேனின் இரும்பிலும் வைத்தாள். "இங்க பூஜ்யம் காட்டணும். ரெண்டு வோல்ட் காட்டுது பாருங்க. போன கரண்டு திரும்பி வர்ற வழி அடைச்சிருக்கு." பிறகு தடித்த ஒயர் ஒன்றை எடுத்து இரண்டு இடத்தையும் சேர்த்துப் பிடித்தாள்.

மூன்று விளக்குகளும் ஒன்றாக அணைந்தன. ஒயரை எடுத்தாள், எரிந்தன. வைத்தாள், அணைந்தன. மயில்சாமிக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. பதினேழு வருடம் இந்த வண்டியோடு குடித்தனம் நடத்தியவர். தான் சாய்ந்து உட்காரும் தகரம் முழுக்கக் கரண்ட் திரும்பி வரும் பாதை என்று இன்றைக்குத்தான் தெரிந்தது.

சித்ராதேவி டிரைவர் சீட்டுக்குக் கீழே கைவிட்டுத் துழாவி, பேட்டரியிலிருந்து இரும்புக்குப் போகும் எர்த் கேபிளை இழுத்தாள். இரும்பில் மாட்டியிருந்த முனையில் ஈரப் பனியன் துணி உருண்டையாகச் சுற்றியிருந்தது.

"இத யாருண்ணே சுத்துனது?"

"நாந்தானுங்க" என்றார் மயில்சாமி. அம்மணி எப்போது 'ங்க' ஆனாள் என்று அவருக்கே தெரியாது. "போன மாசம் கேபிள் ஆடிக் கடகடன்னு சத்தம் வந்துச்சுங்க. அதான் நல்ல துணியாப் பாத்துச் சுத்துனேனுங்க."

திருப்பூரில் ஆயில் ஒழுகினால் பனியன் துணி, கை அறுபட்டால் பனியன் துணி, கதவு ஆடினால் பனியன் துணி. கேபிளுக்கும் அதே வைத்தியம்தான் நடந்திருக்கிறது. துணி ஒவ்வொரு மழையையும் குடித்துவிட்டு ஈரமாகவே இருந்ததில், உள்ளே செம்பு பச்சைப் பொடியாகப் பூத்திருந்தது. மூன்று மெக்கானிக்குகளையும் வாய்க்கு வந்தபடி திட்டியிருந்த மயில்சாமிக்கு வெட்கமாகப் போயிற்று. அவள் உப்புக் காகிதத்தால் தேய்த்துச் செம்பைப் பளபளவென்று ஆக்கி, திரும்ப இரும்பில் மாட்டி முறுக்கி, கிரீஸ் தடவினாள். மொத்தம் இருபது நிமிடம்.

மூன்று மணிக்கு ஆடிட்டர் ஏறி உட்கார்ந்து சாவியைப் பாதி திருப்பினார். எல்லா விளக்குகளும் எரிந்தன. மயில்சாமிக்கு உயிரே போய்விட்டது. ஆடிட்டர் அமைதியாக ஸ்டார்ட் செய்தார். எல்லாம் அணைந்தன.

"சாவி போட்டா எரியணும், ஓடினா அணையணும். சரியா இருக்கு. வண்டியை யார் பாத்துக்கறாங்க?"

"எங்க டிரைவர்தான் சார்" என்றார் தரணீதரன் பெருமையாக.

பேசாமல் இருந்திருக்கலாம். மயில்சாமியால் முடியவில்லை. "இல்லீங்க. கெடுத்தது நானுங்க. கண்டுபுடிச்சு சரி பண்ணுனது சித்ராதேவிங்க."

"எந்த சித்ராதேவி?" என்றார் மேனேஜர்.

"நாலு வருசமா நம்ம கம்பெனிலதானுங்க இருக்கறாங்க. வாங்க, காட்டறேன்" என்று மயில்சாமி முன்னால் நடந்தார்.